வென்றவர் கணக்கும் வீழ்ந்தவர் பெயரும்

“கார்த்தேஜ் நகரம் ஏன் அழிக்கப்பட்டது?”

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை நோக்கி நாம் எழுப்பிய வினா இது. வாணிபப் போட்டி, கடல் ஆதிக்கம், மூன்று பியூனிக் போர்கள் என்று வரிசையாக ஒப்புவித்துவிட்டு அமர்வர் என்றுதான் எதிர்பார்த்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். எப்போதும் பேசாதவன்; அன்று பேசினான்.

“அழித்தால்தான் ஐயா பொன் நிறையக் கிடைக்கும். ஆட்கள் குறைந்துவிட்டால் கலகமும் வராது. பிடித்த ஊரை அப்படியே விட்டுவைத்தால், கொஞ்ச நாளில் கைவிட்டுப் போய்விடும்.”

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, சிரிக்க இயலவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை, ஒரு நகரத்தின் சாவை, மண்டிக் கணக்கப்பிள்ளை வரவு செலவு படிப்பதுபோல் படிக்கிறான்! எங்கே கற்றாய் என்று கேட்டோம். கணிப்பொறி விளையாட்டில் என்றான். ரோமாபுரியின் தலைவனாக நின்று, படை திரட்டி, நாடு பிடித்து, ஐம்பது மாநிலங்களுக்கு அதிபதியானால் வெற்றி என்று விளக்கினான். இரண்டு முறை வென்றிருப்பதாகவும் சொன்னான், சற்றே பெருமிதத்துடன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவன் அருகிலேயே அமர்ந்து, காலை முதல் மாலை வரை அந்த ஆட்டத்தைக் கண்டோம். கண்டதும், கண்டபின் நூல்களைப் புரட்டியதும், புரட்டியபின் உறங்காது சிந்தித்ததுமே இக்கட்டுரை.

*

‘ரோம்: டோட்டல் வார்’ என்பது அந்த விளையாட்டின் பெயர். இங்கிலாந்து நாட்டு நிறுவனம் ஒன்று ஆக்கி, 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆட்டம் கி.மு. 270இல் தொடங்குகிறது. ரோமாபுரியின் மூன்று பெருங்குடும்பங்களுள் ஒன்று நம் கையில். செனட் சபை கட்டளை அனுப்பும்; அதை நிறைவேற்றினால் பரிசு உண்டு. வயல் திருத்தலாம், சாலை போடலாம், துறைமுகம் கட்டலாம், கோயில் எழுப்பலாம். எல்லாம் எதற்கு? அடுத்த ஊரைப் பிடிப்பதற்கு!

ஊரைப் பிடித்தவுடன் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது. மூன்று வழிகள் காட்டப்படுகின்றன. ஊரை அப்படியே ஏற்றுக்கொள், மக்களை அடிமையாக்கு, மக்களைக் கொன்று ஒழி. மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். இரண்டாவதைத் தொட்டால் பாதி மக்கள் பிற நகரங்களுக்குப் பங்கிடப்படுவர். மூன்றாவதைத் தொட்டால் முக்கால் பங்கினர் மறைவர், கொள்ளைப் பொன் கருவூலத்தில் குவியும், ஊர் அடங்கும். அலறல் இல்லை; அழுகை இல்லை; பிணமும் இல்லை. ஓர் எண் இறங்குகிறது, மற்றோர் எண் ஏறுகிறது. அவ்வளவே!

இந்த ஒரு விளையாட்டு மட்டுமன்று. 1991இல் வந்த ‘சிவிலைசேஷன்’, 1997இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’, அதற்கு மறுஆண்டு ரோமரைச் சேர்த்து வந்த அதன் விரிவு, 2019இல் வந்த ‘இம்பரேட்டர்: ரோம்’ எனப் பட்டியல் நீள்கிறது. கடைசியாகச் சொன்ன விளையாட்டில் ஆட்டம் கி.மு. 304இல் தொடங்குகிறது, குடிமக்களும் அடிமைகளும் வகை பிரித்து எண்ணப்படுகின்றனர், அடிமை பெருகினால் வரி பெருகுகிறது. இவ்வகை விளையாட்டுகளுக்கு ஆலன் எம்ரிச் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1993இல் ஒரு பெயர் சூட்டினார். நான்கு செயல்களால் ஆன பெயர்: தேடு, விரிவடை, சுரண்டு, ஒழித்துக்கட்டு. ஏகாதிபத்தியத்தின் இலக்கணத்தை இத்தனைச் சுருக்கமாக வேறெவரும் வகுத்ததாக நமக்குத் தோன்றவில்லை!

*

அப்படியானால் அந்த மாணவன் சொன்ன விடை பொய்யா? இல்லை. அதுதான் நம்மை உறங்கவிடாமல் செய்தது.

நாம் படித்த பாடநூல்கள் ரோமாபுரியை எப்படிக் காட்டின? சட்டம் தந்தவர், சாலை தந்தவர், நீர்க்கால்வாய் தந்தவர், நாகரிகம் பரப்பியவர் என்று காட்டின. மண்டபத்தைக் காட்டின, மண்டபத்தின் அடியில் இருந்த கருவூலத்தைக் காட்டவில்லை. விளையாட்டோ கருவூலக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. போர் என்பது ஒரு தொழில். அதில் முதல் உண்டு, ஊதியம் உண்டு என்று ஒளிவின்றிச் சொல்கிறது. இந்த ஒரு செய்தியில் விளையாட்டு பாடநூலைவிட நேர்மையானது. வரலாறும் அதற்குச் சான்று கூறுகிறது.

கி.மு. 167ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மாசிடோனிய மன்னனை வென்றாயிற்று, போர் முடிந்தாயிற்று. திரும்பும் வழியில், எபிரஸ் நாட்டின் எழுபது ஊர்களை எமிலியஸ் பாலஸ் என்ற தளபதியின் படை சூறையாடியது. ஒன்றரை இலட்சம் மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்று பண்டைய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தனர். அதே ஆண்டில் ரோமாபுரியில் நடந்தது என்ன? இத்தாலியில் வாழ்ந்த ரோமக் குடிமக்கள் போருக்கெனச் செலுத்தி வந்த நேர்வரி நிறுத்தப்பட்டது! மாசிடோனியச் செல்வம் வந்து குவிந்தபின் உள்ளூரான் எதற்கு வரி கட்ட வேண்டும்? எபிரஸில் ஒரு தாய் பிள்ளையைப் பிரிந்தாள். ரோமாபுரியில் ஒரு குடிமகன் வரியிலிருந்து விடுபட்டான். முன்னவளின் கண்ணீர் பின்னவனின் சலுகை!

இன்னொன்று. வென்று திரும்பும் தளபதிக்கு ரோமாபுரி வெற்றி உலா நடத்தும். அந்தப் பெருமைக்கு உரிமை பெற, ஒரே போரில் ஐயாயிரம் பகைவரையேனும் கொன்றிருக்க வேண்டும் என்று விதி இருந்ததாக வலேரியஸ் மாக்சிமஸ் என்ற ரோம எழுத்தாளர் குறிக்கிறார். விளையாட்டில் மதிப்பெண் முறை இருக்கிறதே என்று நாம் வியந்தோம். மதிப்பெண் முறை ரோமாபுரியிலேயே இருந்திருக்கிறது!

ஏன் ஓயாமல் போர் நடந்தது என்பதற்கும் காரணம் உண்டு. இத்தாலியில் ரோமாபுரி பணிய வைத்த நட்பு நாடுகள் கப்பமாகப் பணம் தரவில்லை. படைக்கு ஆள் தந்தன. பணத்தைப் பூட்டி வைக்கலாம். ஆளைப் பூட்டி வைக்க முடியுமா? அந்த நட்பால் பயன் பெற ஒரே வழி, ஆண்டுதோறும் எங்கேனும் ஒரு போர். கி.மு. 225இல் ரோமாபுரியும் நட்பு நாடுகளும் சேர்ந்து ஏழு இலட்சம் காலாட்களையும் எழுபதாயிரம் குதிரை வீரரையும் திரட்டக்கூடிய நிலையில் இருந்ததாகப் பாலிபியஸ் கணக்குத் தருகிறார். இத்தகைய படைக்குத் தலைமை தாங்கிய கான்சல்களின் பதவிக் காலமோ ஓராண்டு. அந்த ஓராண்டுக்குள் புகழ் வேண்டும், பொருள் வேண்டும், உலா வேண்டும். போர் இல்லையேல் இவை ஏது?

ஆகவே, நாகரிகம் பரப்பப் புறப்பட்ட நல்லோர் கூட்டம் என்ற கதை நில்லாது.

*

ஆனால், கணக்கைக் காட்டும் விளையாட்டு, கணக்கின் மறுபக்கத்தைக் காட்டுகிறதா? அங்குதான் அது பாடநூலினும் பெரிய பொய்யை, பொய் என்று தெரியாத வண்ணம், பிஞ்சு உள்ளத்தில் ஊன்றுகிறது.

முதலாவது, ஆடுபவனின் இருக்கை. அவன் அமர்ந்திருப்பது வானத்தில். கீழே நாடுகள் வண்ணத் துணித் துண்டுகளாய்க் கிடக்கின்றன. அவனுக்கு மூப்பில்லை, சாவில்லை. இருநூறு எண்பது ஆண்டுகள் ஒரே மனம், ஒரே நோக்கம். மெய்யான ரோமாபுரியில் அப்படி ஒரு மனம் இருந்ததில்லை. ஆண்டுக்கு ஆண்டு தலைவர் மாறினர். செனட்டில் ஒருவரை ஒருவர் கவிழ்த்தனர். எவரும் வரைந்து வைத்த திட்டப்படி அந்தப் பேரரசு விரியவில்லை. பேராசையும் அச்சமும் போட்டியும் சேர்ந்து அதை விரித்தன. திட்டமிட்டு விரிந்தது என்று நம்புகிறவன், விரிந்தே தீர வேண்டியிருந்தது என்றும் நம்பிவிடுகிறான். அதுதான் கேடு.

இரண்டாவது, வென்ற நாட்டின் ஏழை. படம் விரிய விரிய ரோமன் வாழ்ந்தான் என்கிறது விளையாட்டு. எந்த ரோமன்? ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் போரிட்ட உழவன் ஊர் திரும்பியபோது, அவன் நிலத்தைப் பெருஞ்செல்வர் வளைத்திருந்தனர். அடிமைகள் அதை உழுதுகொண்டிருந்தனர். அந்த நிலமிழந்தோர்க்கு நிலம் பங்கிட வேண்டும் என்று சட்டம் கொணர்ந்தவர் டைபீரியஸ் கிராக்கஸ். கி.மு. 133இல், செனட் உறுப்பினர்களே கூட்டமாகத் திரண்டு வந்து அவரை அடித்துக் கொன்றனர். உலகை வென்ற வீரனுக்கு உழ ஒரு காணி கேட்டது குற்றமாயிற்று!

மூன்றாவது, சாலை. விளையாட்டில் சாலை போட்டால் வாணிபம் வளரும், படை விரையும். மெய்தான். கி.மு. 312இல் தொடங்கிய அப்பியன் சாலை ரோமரின் பெருமை. அதே சாலையின் இருமருங்கிலும், கி.மு. 71இல், காப்புவா நகரம் முதல் ரோமாபுரி வரை, ஆறாயிரம் பேர் சிலுவையில் அறையப்பட்டனர். ஸ்பார்ட்டகஸோடு சேர்ந்து விடுதலை கேட்ட அடிமைகள் அவர்கள். சாலையைப் பாடமாக்கிய நாம், சாலையோரத்தையும் பாடமாக்க வேண்டாமா?

*

இப்போது கார்த்தேஜுக்குத் திரும்புவோம்.

கலகம் செய்ததால் அழிந்ததா அந்த நகரம்? கி.மு. 201இல் தோற்றபோது, ஐம்பது ஆண்டுகளில் பத்தாயிரம் தாலந்து வெள்ளி செலுத்துவதாக அது ஒப்புக்கொண்டது. செலுத்தியது. கடன் தீர்ந்தது, இரண்டே ஆண்டுகளில் மூன்றாம் போர் வந்தது. கி.மு. 149இல், பிணையாக முந்நூறு பிள்ளைகளைக் கொடு என்றது ரோமாபுரி, கொடுத்தனர். படைக்கலங்களைக் கொடு என்றது. இரண்டு இலட்சம் பேருக்கான கருவிகளையும் இரண்டாயிரம் கல்லெறி பொறிகளையும் கொடுத்தனர். எல்லாம் வாங்கிக்கொண்டபின் இறுதிக் கட்டளை வந்தது: நகரை விட்டுக் கிளம்புங்கள், கடலிலிருந்து எண்பது ஸ்டேடியம், ஏறத்தாழ 15 கிலோமீட்டர், உள்ளே போய் வாழுங்கள்!

கடலால் வாழ்ந்தவரிடம் கடலை விட்டுப் போ என்றால், வாழ்வை விட்டுப் போ என்று பொருள். மறுத்தனர். வெறுங்கையோடு எதிர்த்து நின்றனர். கோயில்களைப் பட்டறைகளாக்கினர். கல்லெறி பொறிகளுக்குக் கயிறு இல்லாதபோது பெண்கள் தம் கூந்தலை அறுத்துக் கொடுத்தனர் என்று அப்பியன் எழுதுகிறார். மூன்று ஆண்டுகள் நின்றது அந்த நகரம். கி.மு. 146இல் வீழ்ந்தது, எரிந்தது. எஞ்சியவர் ஐம்பதாயிரம் பேர் அடிமைகளாயினர். அந்த மண்ணில் உப்பிட்டு உழுதனர் என்று பலரும் சொல்வது பிற்காலத்தார் கட்டிய கதை. பண்டைய நூல் எதிலும் இல்லை. கட்டுக்கதை இங்கு எதற்கு? உண்மையே போதுமான அளவு கொடிது.

எரியும் நகரைப் பார்த்து வென்ற தளபதி சிப்பியோ கண்ணீர் விட்டான். தன் நாட்டுக்கும் ஒருநாள் இதே கதி வருமே என்று கலங்கினான் என அருகிருந்த பாலிபியஸ் குறித்து வைத்தார். எரித்தவனுக்கும் ஒரு கண்ணீர்த்துளி இருந்தது. திரைக்கு முன் அமர்ந்த நம் பிள்ளைக்கு அந்தத் துளிக்கும் வாய்ப்பில்லை. ஏனெனில் அவன் பார்ப்பது தீயை அன்று, தொகையை.

*

நான்காவது பொய்தான் எல்லாவற்றிலும் பெரியது: ‘காட்டுமிராண்டி’ என்ற சொல்.

அந்த விளையாட்டில் கால் நாட்டாரும் செர்மானியரும் பிரித்தானியரும் காட்டுமிராண்டி வகை. அந்த வகையை எடுத்து ஆடினால், நகரம் ஓர் அளவுக்கு மேல் வளராது. கல் பாவிய சாலை போட இயலாது. திறமையாக ஆடினாலும் இயலாது, விதியே அப்படி! ‘சிவிலைசேஷன்’ விளையாட்டின் முதற் பதிப்பிலோ காட்டுமிராண்டி என்பவன் பேசித் தீர்க்க வழியற்ற கூட்டம். எங்கிருந்தோ தோன்றுவான், தாக்குவான், அழிவான். பிறப்பிலேயே உயர்வு தாழ்வு எழுதப்பட்டுவிட்டது என்னும் கொள்கையைப் பழைய சாத்திரங்களில் கண்டு பதறியவர்கள் நாம். அதே கொள்கை கணிப்பொறிக்குள் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாளாவிருப்பதா?

இன்று பிரான்சு என நாம் அறியும் கால் நாட்டில், சீசர் நுழையுமுன்பே மதில் சூழ்ந்த நகரங்கள் இருந்தன, நாணயங்கள் இருந்தன, பாலங்கள் இருந்தன. மரமும் கல்லும் பிணைத்துக் கட்டிய அவர்தம் மதிலின் உறுதியைச் சீசரே தம் நூலில் விளக்குகிறார். ரோம வீரன் அணிந்த இரும்பு வளையச் சட்டையே அவர்களிடமிருந்து பெற்றது என்று வார்ரோ என்ற ரோமப் புலவர் கூறுகிறார்.

இவை அனைத்திலும் நம் நெஞ்சைத் தொட்டது ஒரு சிறு செய்தி. கி.மு. 58. ஹெல்வேஷியர் என்ற மக்கள், தம் மலைநாட்டை விட்டுப் புதிய நிலம் தேடிப் புறப்பட்டனர். சீசர் வழிமறித்தார், போர் நடந்தது, தோற்றனர். அவர்களுடைய பாசறையில் சில பலகைகள் கிடைத்தன. கிரேக்க எழுத்தில் எழுதிய பலகைகள். படைக்கலம் ஏந்தக் கூடியவர் யார் யார் என்று பெயர் பெயராக எழுதியிருந்தனர். சிறுவர், முதியோர், பெண்டிர் கணக்கும் தனித்தனியே இருந்தது. மொத்தம் 3,68,000 பேர். சீசர் கட்டளைப்படி ஊர் திரும்பியவர்களை எண்ணியபோது 1,10,000 பேர்.

எண்ணிப் பாருங்கள்! காட்டுமிராண்டி என்று பட்டம் சூட்டப்பட்டவர், புறப்படுமுன் தம் மக்களைப் பெயர் சொல்லி எழுதி வைத்துக்கொண்டு புறப்பட்டிருக்கின்றனர். பயணத்தின் முடிவில் ஒருவரும் விடுபட்டுவிடக் கூடாதே என்ற கவலை அதில் இல்லையா? அந்தப் பலகைகள் இன்று இல்லை. சீசர் நூலில் தொகை மட்டும் இருக்கிறது. பெயர்கள் போயின, எண் நின்றது. வென்றவன் எழுதிய வரலாறு அது. விளையாட்டு அந்த வரலாற்றின் பேரப்பிள்ளை. அதனால்தான் அதிலும் எண் மட்டுமே இருக்கிறது!

*

“அந்தக் காலத்தில் அப்படித்தான், இன்றைய அறத்தை அன்றைக்குப் பொருத்தலாமா?” என்பார் உளர்.

அன்றே எதிர்த்தவர் இருந்தனர் என்பதே நம் விடை. கார்த்தேஜை அழித்தே ஆக வேண்டும் என்று செனட்டில் ஓயாது முழங்கியவர் மூத்த கேட்டோ. அவருடைய கொள்ளுப் பேரன் இளைய கேட்டோ. கி.மு. 55இல் சீசர், பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டு செர்மானியக் குலங்களை, பெண்டு பிள்ளைகளோடு வெட்டி வீழ்த்தினார். செனட் இருபது நாள் நன்றி விழா அறிவித்தது. இளைய கேட்டோ எழுந்து, விழா வேண்டாம். வாக்குப் பிழைத்த சீசரை அந்தச் செர்மானியரிடமே பிடித்துக் கொடுங்கள் என்றார்! அரசியல் பகையும் அந்தப் பேச்சில் கலந்திருந்தது உண்மை. ஆயினும், இது குற்றம் என்று சொல்ல அன்றைய ரோமாபுரியில் சொல் இருந்தது, அதைச் சொல்ல நாக்கும் இருந்தது என்பதை யார் மறுக்க முடியும்?

மூத்த பிளினி, சீசரின் போர்களில் மாண்டவர் 11,92,000 பேர் என்று எழுதிவிட்டு, அதைப் புகழாகக் கொள்ளத் தாம் ஒப்பவில்லை. மனித இனத்துக்கு இழைத்த தீங்கு அது என்று கருத்துரைத்தார். டாசிட்டஸோ, ரோமரை எதிர்த்து நின்ற கால்காக்கஸ் என்ற கலிடோனியத் தலைவன் வாயிலாக, ரோமாபுரியின் அமைதி எத்தகையது என்று உலகம் மறவாத குற்றச்சாட்டைப் பேச வைத்தார். எழுதியவர் ரோமர், அதிலும் அந்தப் போரை நடத்திய தளபதியின் மருமகன்! வென்ற வீட்டிலேயே மனச்சான்று விழித்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து வந்த விளையாட்டில் அதற்கு ஓர் இருக்கை இல்லை.

“தோற்றவர்க்கும் குடியுரிமை தந்தார்களே!” என்று கேட்கலாம். தந்தனர், மறுக்கவில்லை. இசுபானியாவில் பிறந்த டிராஜன் பேரரசனானான். ஆப்பிரிக்காவில் பிறந்த செப்டிமியஸ் செவரஸ் பேரரசனானான். கி.பி. 212இல், பேரரசின் விடுதலை பெற்ற மக்கள் ஏறத்தாழ அனைவர்க்கும் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆனால் தானாகக் கனிந்ததா அந்தக் கனி? உடன் போரிட்டு இரத்தம் சிந்திய இத்தாலிய நட்பு நாடுகளே, கி.மு. 91 முதல் 88 வரை வாளெடுத்துப் போராடிய பிறகுதான் குடியுரிமை கண்டன. கொடுத்தவன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கேட்டு மடிந்தவன் பெயர் எங்கே?

*

“விளையாட்டுத்தானே! இதற்கு இத்தனை ஆராய்ச்சியா?” என்பாரும் உளர்.

விளையாட்டை நாம் வெறுக்கவில்லை. தடை செய்யச் சொல்லவும் இல்லை. ரோமரும் ஆடினர். கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி, எதிரியின் காயை இருபுறமும் நெருக்கிச் சிறைபிடிக்கும் ஆட்டம் அவர்களிடம் இருந்தது. அந்த ஆட்டத்தின் பெயரில் உள்ள இலத்தீன் சொல்லுக்குக் கூலிப்படை வீரன் என்று ஒரு பொருள். கொள்ளைக்காரன் என்று இன்னொரு பொருள். தம் காய்களுக்குப் பெயர் வைப்பதில் ரோமர் நம்மினும் உண்மை பேசியிருக்கின்றனர்!

நம் ஊர்த் திண்ணையிலும் ஓர் ஆட்டம் உண்டு. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலியை எடுத்தவன் பாய்ந்து பாய்ந்து ஆட்டை வெட்டுவான். ஆட்டை எடுத்தவனோ, ஒவ்வோர் ஆடாக இழந்து, இழந்ததற்கு வருந்தி, எஞ்சியதைக் கூட்டி நிறுத்தி, புலிக்கு வழியடைப்பான். அடுத்த ஆட்டத்தில் கை மாறும். புலியாய் இருந்தவன் ஆடாவான். வெட்டுண்பது எப்படி இருக்கும் என்று இருவருமே அறிவர். கணிப்பொறியில் நம் பிள்ளைகள் என்றும் புலியாகவே இருக்கின்றனர். ஆடாக இருந்து பாராத பிள்ளை நாளை குடிமகனாகும்போது, அதிகாரியாகும்போது, பட்டியலில் ஓர் எண்ணைக் குறைக்கும் வேளை வரும்போது, அவன் கை நடுங்குமா? ஆசிரியராகிய நம்மை அச்சுறுத்துவது இந்த வினாவே.

*

இந்தக் கணக்கில் நமக்குப் பங்கில்லை என்றும் இறுமாந்திருக்க வேண்டா. புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியக் கலங்களும் மதுச் சாடிகளும் வெளிப்பட்டன. கொங்கு நாட்டு மண்ணில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி புலம்பினார். அதைச் சொல்லும்போதெல்லாம் நாம் நெஞ்சு நிமிர்த்துகிறோம். நிமிர்த்தலாம், படை கொண்டு வந்தவனிடம் அடிமைப்படாமல், மிளகு கொடுத்துப் பொன் பெற்றவர் நம் முன்னோர்.

ஆனால் அந்த வெள்ளி எங்கே விளைந்தது? ரோமாபுரியின் வெள்ளிக்குப் பெரும் ஊற்று இசுபானியச் சுரங்கங்கள். புதிய கார்த்தேஜ் என்ற ஊரை அடுத்த சுரங்கங்களில் மட்டும் நாற்பதாயிரம் பேர் உழைத்தனர். நாளொன்றுக்கு இருபத்தையாயிரம் திராக்மா வருவாய் தந்தனர் என்று பாலிபியஸ் கணக்குச் சொல்கிறார். பகலும் இரவும் அறியாமல் அங்கே மடிந்த அடிமைகளைப் பற்றி டியோடோரஸ் எழுதியிருக்கிறார். காட்சிச் சாலையில் கண்ணாடிக்குள் மின்னும் நாணயத்தின் ஒரு பக்கத்தில் சீசரின் முகம் இருக்கிறது. அதைத் தோண்டியவன் முகம் எந்தப் பக்கத்திலும் இல்லை. கடாரம் கொண்டதைக் கொண்டாடும் நாம், கடாரத்தார் அன்று என்ன பாடியிருப்பர் என்று கேட்டதுண்டா? ரோமாபுரியை நோக்கி நீட்டிய விரலை ஒருமுறை நம் பக்கமும் திருப்பினால்தான் அது நீதியின் விரல்.

*

மாணவனுக்கு நாம் அறிவுரை கூறவில்லை. கார்த்தேஜின் கூந்தல் கயிற்றையும், ஹெல்வேஷியரின் பெயர்ப் பலகையையும் பற்றி வகுப்பில் சொன்னோம். இவ்வளவே செய்தோம்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளி விட்ட நேரத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உடன் வந்தான்.

“ஐயா, நேற்று அந்த மூன்றாவதை நான் தொடவில்லை. ஊரைச் சும்மா விட்டேன்.”

“பிறகு?”

“கலகம் வந்து ஊர் போய்விட்டது. ஆட்டமே தோற்றுவிட்டது.”

நாம் என்ன சொல்வது? இரக்கம் காட்டியவன் தோற்கும்படி விதி அமைத்தவர் எங்கோ இருக்கிறார். அடுத்த முறை வெல்வதற்கு இவன் மீண்டும் அந்த மூன்றாவதைத் தொடத்தான் போகிறானோ என்ற ஐயம் எழுந்தது. சிறிது தூரம் பேசாமல் நடந்தோம். தெரு முனையில் அவனே நின்றான்.

“அந்த ஊரில் கலகம் செய்தார்களே, அவர்கள் யார் ஐயா?”

இரண்டு முறை உலகை வென்ற பிள்ளை, முதன்முறையாகக் கேட்ட வினா அது. அவர்கள் யார்? என்ன பெயர்? என்ன மொழி பேசினர்? எதற்காக எழுந்தனர்? பாடநூல் கேட்காத வினா. விளையாட்டு கேட்க விடாத வினா. வரலாறு என்று ஒன்று உண்டானால் முதலில் கேட்க வேண்டிய வினா.

விளக்குக் கம்பத்தடியில் நின்றபடியே ஹெல்வேஷியரின் கதையை மறுபடி தொடங்கினோம். அவன் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வென்றவரின் கணக்கை ஆயிரம் பேர் எழுதிவிட்டனர், திரையிலும் ஏற்றிவிட்டனர். வீழ்ந்தவரின் பெயரைத் தேடும் வேலை எஞ்சியிருக்கிறது. அது நம் வேலை. நம் பிள்ளைகளின் வேலை. தேடுவோம்!